சரிவின் கீழே இரண்டு ஊர்கள்

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மழை பெய்யும்போது யாரும் ஒழுங்காக உட்கார்ந்து பேசமாட்டார்கள். வாய் பேசிக்கொண்டிருக்கும், காது கூரையில் இருக்கும். தகரத்தில் விழும் சத்தம் கொஞ்சம் தடித்தால் யாராவது எழுந்து பின்பக்கம் போய் மேலே பார்த்துவிட்டு வருவார்கள். வந்து பேச்சைத் தொடர்வார்கள். என்ன பார்த்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கொஞ்ச நேரத்தில் வேறொருவர் எழுந்து போவார்.

வட்டவளைக்கு மேலே இருக்கிறது எங்கள் தோட்டம். லயத்தின் முதுகிலேயே செங்குத்தாகத் தேயிலை மலை ஏறுகிறது. அதன் பாதி உயரத்தில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. முதலில் கை நுழையும் அளவு இருந்தது, பிறகு கால் நுழையும் அளவானது. கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், அளந்தார்கள். லயத்துச் சுவரில் ஓர் அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போனார்கள். இது அபாயமான இடம், கடும் மழை பெய்தால் பாடசாலைக்குப் போய்விட வேண்டும் என்று அதில் இருந்தது. எங்கே போய்க் குடியிருப்பது என்று இல்லை. தமிழ் மட்டும் பிழையில்லாமல் இருந்தது.

அப்போது நான் வேலையில்லாமல் வீட்டில் இருந்தேன். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் பல வருடங்கள் நின்றவள். நாடு பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் ஹோட்டலை மூடிவிட்டார்கள். அப்பா இறந்து வெகுகாலம். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தார். காலையில் அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போன பிறகு நான் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடப்பேன். மாலைதீவில் ஒரு ஹோட்டலுக்கு விண்ணப்பித்திருந்தேன். பதில் வரவில்லை. வந்தால் போய்விடுவேன் என்று தினமும் எனக்கே சொல்லிக்கொள்வேன். போனால் மழைக்கு அம்மா என்ன செய்வார் என்ற நினைப்பு உடனே வரும். இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.

பக்கத்து டவுன் அட்டனில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணன்தான் எனக்கு அந்த வேலையைச் சொன்னார். கூரைக்குத் தார்ப்பாய் வாங்கப் போயிருந்தேன்.

“நீங்க இங்கிலீஷ் பேசுவீங்கதானே புள்ள. வெளிநாட்டுலேர்ந்து ஒரு லேடி வந்திருக்கா. தோட்டத்துப் பொம்புளைங்க பேசுறத ரெக்கோட் பண்ணணுமாம். மொழிபெயர்க்க ஆள் தேடுறா.”

அந்தப் பெண் வேல்ஸிலிருந்து வந்திருந்தார். ஒலிகளைப் பதிவுசெய்து அதைக்கொண்டு நிகழ்ச்சிகள் செய்வது அவருடைய வேலை. நாற்பது வயதைத் தாண்டியவர். எப்போதும் கழுத்தில் பெரிய ஹெட்போன் தொங்கும். அவருடைய ஊர்ப் பெண்களும் எங்கள் ஊர்ப் பெண்களும் சேர்ந்து ஒரு குரல் நாடகம் செய்ய வேண்டும், இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும், நடுவில் திரையில் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும். இதுதான் அவருடைய திட்டம். இரண்டு நாட்டிலும் கலைக்கென்று இருக்கிற அமைப்புகள் உதவி செய்தன. எங்கள் பெண்கள் அவரை மிஸ் என்று கூப்பிட்டார்கள்.

முதல் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக் காம்பராவில் நடந்தது. குழந்தைகள் படுக்கிற பாய்களில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். கொழுந்து பறிக்கும்போது பாடும் பாட்டுகளைப் பாடச் சொல்லுங்கள் என்று மிஸ் கேட்டார். நான் சொன்னேன்.

எங்கள் பக்கத்துக் காம்பரா அக்காதான் பதில் சொன்னார். லயத்தில் எந்தக் கூட்டத்திலும் முதலில் வாய் திறப்பவர் அவர்தான்.

“கொழுந்து எடுக்கறப்ப யாரு பாடறது? போன்ல பாட்டு போட்டுக்கிட்டுதான் எடுக்கறோம். அது சினிமாப் பாட்டு. அது வேணுமான்னு கேளு.”

பெண்கள் சிரித்தார்கள். நான் மொழிபெயர்த்ததும் மிஸ்ஸும் சிரித்தார். ஆனால் முகம் கொஞ்சம் விழுந்துவிட்டது. வேறு என்ன கேட்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அக்கா அடுத்ததைக் கேட்டார்.

“இதனால எங்களுக்கு என்னா கெடைக்கும்னு கேளு.”

அதையும் அப்படியே கேட்டேன். எனக்குத் தெரியாது என்றார் மிஸ்.

“பொய் சொல்லல்ல. சரி, இருக்கட்டும்” என்றார் அக்கா.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழும் சத்தத்தைப் பதிவுசெய்யலாம் என்று மிஸ் உற்சாகமாக மைக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார். சத்தம் தடித்தது. ஒரு பெண் எழுந்து வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு இன்னொருவர். மூன்றாவதாக அக்கா போனார். மிஸ் கண்ணைத் திறந்தார். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அவர்கள் எங்கே போகிறார்கள் என்று என்னிடம் கேட்டார்.

நான் அவரைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய் வெடிப்பைக் காட்டினேன். மழையில் அது ஒரு கறுப்புக் கோடு மாதிரித் தெரிந்தது. அவர் வெகுநேரம் நனைந்தபடி நின்றார். பிறகு உள்ளே வந்து, மைக்கைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, தன் ஊரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

அவருடைய ஊர் நிலக்கரி தோண்டிய ஊர். சுரங்கத்துக்குள்ளிருந்து வெளியே எடுத்த வேண்டாத மண்ணையும் கல்லையும் ஊருக்கு மேலேயே காலங்காலமாகக் கொட்டியிருக்கிறார்கள். இப்போது சுரங்கம் இல்லை, வேலை இல்லை. மண்மேடு மட்டும் வீடுகளின் தலைக்கு மேலே இருக்கிறது. அவருடைய அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது அதன் ஒரு பக்கம் சரிந்து ஒரு தெருவை மூடிவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை மழை பெய்தால் அந்த ஊரில் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை.

நான் இதைத் தமிழில் சொன்னேன். பெண்கள் நெருங்கி வந்து உட்கார்ந்தார்கள்.

“வெள்ளக்காரங்க ஊர்லயுமா?” என்றார் ஒருவர்.

“அவங்களுக்கு வீடு குடுத்தாங்களான்னு கேளு” என்றார் இன்னொருவர்.

“மண்ணு வரப்போகுதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? அதக் கேளு மொதல்ல” என்றார் அக்கா.

மிஸ் சிலவற்றுக்குப் பதில் சொன்னார். மற்றதை என் ஊர்க்காரர்களிடமே கேளுங்கள் என்றார்.

அப்படித்தான் வாரம் தவறாமல் அட்டனுக்குப் போக ஆரம்பித்தோம். தோட்டத்தில் சிக்னல் நிலையாக நிற்காது. நானா தன் கடை மாடியைத் தந்தார். தண்ணீர்த் தாங்கிகளும் தகர அடுக்குகளும் நிற்கிற இடத்தை ஒதுக்கி, சுவரில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினோம். அதில் அந்த ஊர்ப் பெண்கள் தெரிந்தார்கள். அங்கே காலை, எங்களுக்குப் பிற்பகல். உதடு அசைந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் குரல் வரும். அதனால் முதல் இரண்டு வாரமும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம், பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் சும்மா இருந்தோம். ஒருவர் பேசி முடித்தால் கையை நெஞ்சில் வைக்க வேண்டும் என்று ஒரு பழக்கம் தானாக வந்தது.

அங்கே பேசியவர்களில் எங்கள் பெண்களுக்குப் பிடித்துப்போனவர் பள்ளிக்கூடக் குசினியில் சமைத்து ஓய்வுபெற்ற ஒரு அம்மா. எழுபது வயது இருக்கும். கட்டையாக வெட்டிய வெள்ளைத் தலைமுடி. குசினி அம்மா என்றே அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். மலையைக் காட்டுங்கள் என்று அக்கா கேட்டபோது அவர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். புல் மூடிய ஒரு பெரிய மேடு தெரிந்தது. அதில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

“நல்ல பச்சையா இருக்கே” என்றார் அக்கா. ஏமாற்றமாகத்தான் சொன்னார். கறுப்பாக, பயங்கரமாக எதையோ எதிர்பார்த்திருந்தார்.

“உங்கள் மலையும் பச்சைதானே” என்றார் குசினி அம்மா.

அன்றைக்கே அவர் தன் தோட்டத்தில் நட்டு வைத்திருந்த மழை அளக்கிற குழாயைக் காட்டினார். அந்த ஊரில் மண்மேட்டைக் கவனிக்க அரசாங்கத்தின் கருவிகள் இருக்கின்றன, ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். ஆனாலும் தெருவுக்குத் தெரு யாராவது ஒருவர் தாமாக மழையை அளந்து மற்றவர்களுக்குச் சொல்கிறார்கள். குறிப்பிட்ட கோட்டைத் தாண்டினால் அன்று யாரும் படுப்பதில்லை. அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் ஒரு பெரிய சோடாப் போத்தலை வெட்டி, தலைப்பகுதியைக் கவிழ்த்துப் புனல் மாதிரிப் பொருத்தினார். அதைப் பிள்ளைக் காம்பரா முற்றத்தில் ஒரு கம்பியில் கட்டி வைத்தார். எந்த இடத்தில் கோடு போடுவது என்பதற்குக் கிராம சேவகரிடமும் போய்க் கேட்டார். நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டார். அக்காவின் கணவர் தொழிற்சாலையில் இரவுக் காவல்காரர். பகலில் வீட்டில்தான் இருப்பார். போத்தலைப் பார்க்கிற பொறுப்பு அவருடையதானது.

நாடகம் எதைப்பற்றி என்பதும் அந்தப் பேச்சுகளிலிருந்துதான் வந்தது. அங்கேயும் இங்கேயும் எல்லோர் வீட்டுக் கதவருகிலும் ஒரு பை தயாராக இருந்தது. மழை முற்றினால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு. ஆளுக்கு ஆள் தன் பையைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இங்கே ஒருவர், அங்கே ஒருவர். அவ்வளவுதான் நாடகம்.

எங்கள் பெண் ஒருவர் பையிலிருந்து டிவி ரிமோட்டை எடுத்தார்.

“டிவியத் தூக்கிக்கிட்டு ஓட முடியாது. ரிமோட்டையும் விட்டுட்டுப் போனா, திரும்பி வந்து டிவி இருந்தாக்கூட எதுல போடறது?”

அந்தப் பக்கம் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது. அங்கே ஒரு வயதான அம்மா தன் அப்பாவின் வீட்டுச் சாவியைக் காட்டினார். வீடு மண்ணுக்குள் போய்விட்டது. அப்பா சாவியை மட்டும் சாகிறவரை சட்டைப் பையில் வைத்திருந்தாராம். அவர் பேசி முடித்துக் கையை நெஞ்சில் வைத்ததும் எங்கள் பெண்களும் கையை நெஞ்சில் வைத்தார்கள்.

ஒத்திகையில் ஒரு நாள் என்னையும் பையைத் திறக்கச் சொன்னார்கள். என் பாஸ்போட், சான்றிதழ்கள், ஹோட்டலில் தந்த அனுபவக் கடிதம். அக்கா எட்டிப் பார்த்தார்.

“அம்மாவோட சாமான் ஒண்ணும் இல்லியே” என்றார்.

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார். எனக்கு அன்று முழுக்க அதே ஞாபகம். வீட்டுக்கு வந்து அம்மாவின் அடையாள அட்டையையும் சேமலாப நிதிக் காகிதங்களையும் என் பைக்குள் வைக்கப் போனேன். அம்மா தரவில்லை.

“எங்கிட்டயே இருக்கட்டும். நீ ஒரு எடத்துக்குப் போவ, நான் ஒரு எடத்துல கெடப்பேன். அது எதுக்கு ஒரே பையில?”

அம்மா அந்த நாடகத்தில் சேரவே இல்லை. எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. “மழைய வச்சு நாடகமா? மேல ஏறிப் பாத்தாலே எனக்கு ராத்திரி தூக்கம் வராது. அதப் போயி டிவியில நின்னு சொல்லணுமா?” என்றார்.

நிகழ்ச்சி ஜூன் மாதத்தில் வைத்தார்கள். அந்த நாட்டில் வெயில் காலம், பள்ளிக்கூட விடுமுறைக்கு முன்னால் வைத்தால் நிறையப் பேர் வருவார்கள் என்று. எங்களுக்கு ஜூன் என்றால் பெருமழைக் காலம் என்று நான் மிஸ்ஸிடம் சொல்லியிருந்தேன். திகதியை மாற்ற அவர்களும் முயன்றார்கள், முடியவில்லை. அன்று காலை தூறல்தான். போத்தலில் அடித்தண்ணீர் மட்டும் இருந்தது. பெண்கள் நல்ல சேலைகளைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். சின்னப் பிள்ளைகளையும் வயசானவர்களையும் லயத்திலேயே விட்டுவிட்டு வந்தோம்.

நானா மாடியைக் கழுவித் துடைத்துக் கதிரைகள் போட்டிருந்தார். கடைத்தெரு ஆட்கள், சில ஆசிரியர்கள், கினிகத்தேனையிலிருந்து மிஸ்ஸுக்கு ஒலி வேலைக்கு வந்த ஒரு சிங்களத் தம்பியின் வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். திரையில் அந்த ஊர் மண்டபம் தெரிந்தது. அங்கே ஜன்னலில் வெயில்.

நாலு மணிக்குத் தொடங்கினோம். சிங்களத்தில் ஒருவர், ஆங்கிலத்தில் நான், மாறி மாறி மொழிபெயர்த்தோம். ரிமோட்டுக்கு இரண்டு மண்டபமும் சிரித்தது. சாவிக்கு ஒரு ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு முதல் தடவையாக அந்த வேலையில் மனம் நின்றது. மாலைதீவு, பாஸ்போட் எதுவும் நினைவில் இல்லை.

பிறகு மழை வந்தது. வந்த வேகத்தில் திரையில் வருகிற குரல் கேட்காமல் போனது. பெண்கள் பேசுகிறவரைப் பார்க்காமல் கூரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அட்டனில் இப்படி என்றால் வட்டவளையில் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த முறை அக்காவுடையது. அவர் எழுந்து, பையின் வாயைத் திறந்து, முதல் வார்த்தையைச் சொல்வதற்குள் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தார்.

“கோட்டத் தாண்டிருச்சாம்” என்றார்.

கதிரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இழுபட்டன. ஒருவர் தன் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழத் தொடங்கினார். நான் திரையைப் பார்த்து, நாங்கள் போக வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அது அவர்களுக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸுக்கு நிற்க நேரமில்லை. நானா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, சாமான் ஏற்றுகிற லொறியை எடுத்தார்.

“ஏறுங்க, ஏறுங்க. பின்னால புடிச்சிக்கங்க” என்றார்.

நல்ல சேலைகளோடு பெண்கள் பின்னால் நின்றோம். தலைக்கு மேலே தார்ப்பாயை ஆளுக்கொரு முனையாகப் பிடித்தோம். தண்ணீர் கைவழியே உள்ளே ஓடியது. வளைவுக்கு வளைவு ரோட்டில் சேறு இறங்கியிருந்தது. மிஸ்ஸும் எங்களோடு நின்றார். அவரிடம் பதிவுக் கருவி எதுவும் இல்லை. நான் அம்மாவுக்குப் போன் எடுத்துக்கொண்டே இருந்தேன், கிடைக்கவில்லை. அக்கா மட்டும் ஒரு தடவை கணவரோடு பேசினார். வைத்துவிட்டு, “எல்லாரையும் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாராம்” என்றார். லொறிக்குள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

பாடசாலையில் பிள்ளைகள் இருந்தார்கள், வயசானவர்கள் இருந்தார்கள். அம்மா இல்லை. யாரைக் கேட்டாலும் இப்பதான் இருந்தாங்க என்றார்கள். நான் லயத்தை நோக்கி ஓடினேன். பாதித் தூரத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். இடி மாதிரி இல்லை. பெரிய பாறாங்கல்லைத் தரையில் இழுப்பது மாதிரி, நீளமாக, அடியிலிருந்து வந்தது.

பாதையில் எதிரே ஒரு பசுமாடு வந்தது. அதன் பின்னால் கையில் அவிழ்த்த கயிற்றோடு அம்மா வந்தார்.

நான் கத்திவிட்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

“கத்தாத. கட்டிப் போட்டிருந்துச்சு. அவுத்து விட்டேன்” என்றார் அம்மா. நிற்காமல் மாட்டின் பின்னாலேயே நடந்தார்.

கடைசி இரண்டு காம்பராக்களின் குசினிகளும் மாட்டுக் கொட்டிலும் மண்ணுக்குள் போயிருந்தன. மேலே வெடிப்பு இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு குழி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு பல வாரங்கள் பாடசாலையிலேயே இருந்தோம். மிஸ்ஸும் சில நாட்கள் எங்களோடு அங்கே தங்கி, பாய் போட்டுப் படுத்தார், பெரிய சட்டியில் பருப்பு கிளறினார். அந்த நாட்களில் அவர் ஒரு தடவைகூட மைக்கை எடுக்கவில்லை. அதனால்தான் பிறகு நடந்தது எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

நானாவின் மாடியில் நாங்கள் விட்டுவிட்டு ஓடிய கருவிகள் அன்று நிற்காமல் ஓடியிருந்தன. மிஸ் அதையெல்லாம் சேர்த்து ஒரு வானொலி நிகழ்ச்சியாக வெட்டி ஒட்டி, அதே மாடியில் எங்களுக்குப் போட்டுக் காட்டினார். பைகள், ரிமோட், சாவி. பிறகு மழை. அக்காவின் குரல். கதிரைகள். அழுகை. படிகளில் செருப்புச் சத்தம், லொறி கிளம்புகிற சத்தம். அதன் பிறகு வெகுநேரம் மழை மட்டும். அதற்குள்ளிருந்து, திரையின் அந்தப் பக்கத்திலிருந்து, குசினி அம்மா தனக்குத்தானே பிரார்த்திக்கிற மெல்லிய முணுமுணுப்பு.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதைவிட நன்றாக யாரும் செய்ய முடியாது என்று நினைத்தேன். உலகம் முழுக்க இதைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

“நாங்க ஓடினத எடுக்கச் சொல்லு” என்றார் அக்கா.

நான் உடனே மொழிபெயர்க்கவில்லை. ஏன்க்கா என்று தமிழிலேயே கேட்டேன்.

“நீ மொதல்ல அவங்ககிட்டச் சொல்லு.”

சொன்னேன். மிஸ் அதிர்ந்துபோனார். முழு நிகழ்ச்சியிலும் உண்மையான இடம் அதுதான், அதை எடுத்துவிட்டால் கேட்கிறவர்களுக்கு உங்கள் நிலைமை எப்படிப் புரியும் என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்தது. அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. அதை அக்காவிடம் சொல்லும்போது என் பக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்லியிருப்பேன்.

அக்கா கோபப்படவில்லை. “உண்மைதான். ஓடினோம். ஆனா பையத் தொறந்து காட்டினது நாங்க குடுத்தது. ஓடினத நாங்க குடுக்கல்ல. அந்த நேரம் நான் எம் புள்ளையத்தான் நெனச்சேன், இந்த மைக்க நெனைக்கல்ல” என்றார்.

மற்றப் பெண்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். இருக்கட்டும், அப்பவாவது வீடு தருவாங்க என்று சிலர். வேண்டாம் என்று சிலர். அழுத பெண் சேலை முந்தியைக் கையில் சுற்றிக்கொண்டு கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பேசிப்பேசி முடியாமல், அந்தப் பக்கத்தையும் கேட்போம் என்று திரையைப் போட்டோம்.

குசினி அம்மா எல்லாவற்றையும் கேட்டார். அவருடைய ஊரில் மண் சரிந்தபோது அவருக்கு ஆறேழு வயது. அவருடைய அம்மா இரவு உடுப்போடு, ஒரு கையில் அவரும் ஒரு கையில் தம்பியுமாக ஓடியதை யாரோ படம் பிடித்துப் பத்திரிகையில் போட்டார்கள். படம் பெரிய பேர் வாங்கியது. இன்றைக்கும் அந்த ஊர் என்றால் அந்தப் படத்தைத்தான் போடுகிறார்கள். அவருடைய அம்மா அதற்குப் பிறகு ஊரைவிட்டு வெளியே கடைக்குப் போகவே கூச்சப்பட்டார். அந்த உடுப்போடு என்னை எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்பாராம்.

இதை நான் தமிழில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். என் குரலையும் எடுத்துவிடுங்கள்” என்று மிஸ்ஸிடம் சொன்னார். பிறகு கையை நெஞ்சில் வைத்தார்.

மிஸ் எழுந்து கீழே போய்விட்டார். நான் படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கடைக்கு முன்னால் நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானா ஒன்றும் கேட்காமல் ஒரு பிளேன்டீயை அவர் கையில் கொடுத்தார். அதைக் குடித்து முடித்துவிட்டு மேலே வந்து, சரி, எடுத்துவிடுகிறேன் என்றார். அழுத பெண் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

நிகழ்ச்சி அந்த நாட்டில் ஒலிபரப்பானது. இங்கேயும் அட்டனில் ஒரு மண்டபத்தில் போட்டார்கள். அக்காவுக்கு முந்திய பெண்ணின் பையோடு அது நின்றுவிடுகிறது. பாதியில் அறுந்த மாதிரித்தான் இருக்கும். ஏன் இப்படி முடிகிறது என்று கேட்டவர்களுக்கு, மழை வந்துவிட்டது என்று மட்டும் சொன்னோம். என் மனதுக்குள் இன்னும் அந்த முழுப் பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது. அது வெளியே வந்திருந்தால் ஏதாவது நடந்திருக்குமோ என்று சில நாள் தோன்றும். குசினி அம்மாவின் அம்மா கடைக்குப் போகாமல் வீட்டுக்குள் இருந்தது சில நாள் ஞாபகம் வரும். அக்காவுடன் இதைப்பற்றி மறுபடி பேச எனக்குத் துணிவில்லை. அவருக்கு இதில் பேச ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை.

கடைசி இரண்டு காம்பராக்காரர்களுக்குத் தொழிற்சாலைக்குக் கீழே தற்காலிகமாக இடம் கொடுத்தார்கள். மற்ற எல்லோரும் அதே லயத்துக்குத் திரும்பினார்கள், அம்மாவும்தான். காணி பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்கிறார்கள். அக்கா மாதா மாதம் பிரதேச செயலகத்துக்குப் போய் வருகிறார். சிங்களத்தில் சண்டை போடக் கற்றுக்கொண்டுவிட்டதாகச் சொன்னார்.

மாலைதீவிலிருந்து பதில் வந்தது. அதே வாரத்தில் நுவரெலியா ஹோட்டலையும் திறந்தார்கள். நான் நுவரெலியாவுக்கு வந்துவிட்டேன். பஸ்ஸில் போய்விடுகிற தூரம்தானே என்று நினைத்தேன். கிட்ட இருந்தால் நிம்மதியாக இருக்கும் என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை. இங்கே மழை பெய்தால் அங்கே வெயில் அடிக்கும், இங்கே வெயில் அடித்தால் அங்கே என்ன என்று தெரியாது. வெளிநாட்டு விருந்தாளிகள் ஜன்னலருகே நின்று மூடுபனியைப் படமெடுப்பார்கள். அறைச் சாவியை அவர்கள் கையில் கொடுத்துக்கொண்டே நான் அவர்களுக்குப் பின்னால் வானத்தைப் பார்ப்பேன்.

போன வாரம் மத்தியானம் இங்கே இருட்டிக்கொண்டு வந்தது. மேசையை இன்னொரு பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

“இங்க வெயிலுதான். நீயும் வேற ஏன் கேக்கற? இப்பத்தான் அந்த வெள்ளக்காரம்மா கேட்டுட்டு வச்சாங்க” என்றார் அம்மா.

“எந்த வெள்ளக்காரம்மா?”

“உங்க நாடகத்து அம்மாதான். குசினி அம்மா. அக்காகிட்ட நம்பர் வாங்கியிருக்காங்க. ரெயின்னு கேட்டாங்க. நோ ரெயின்னு சொன்னேன். நானும் ரெயின்னு கேட்டேன். என்னமோ நீளமாச் சொன்னாங்க, வெளங்கல்ல.”

“எத்தன நாளா இப்படி?”

“ஜூனுலேர்ந்து. சரி வை, கொழுந்து நிறுக்கப் போகணும்.”

வெயில் என்று அம்மா சொன்னதை நம்பினேன். பொய் சொல்கிற ஆளில்லை. ஆனாலும் என்னைச் சமாளிக்க அப்படிச் சொல்லக்கூடியவர். நடைக்கூடத்தின் கடைசிவரை போய்த் திரும்பினேன். பிறகு போத்தலில் எவ்வளவு என்று கேட்க அக்காவின் நம்பரை அழுத்தினேன். அது வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தது.